கடைசி மாடியில் கூரை ஒழுகினால் யார் பொறுப்பு?

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடியின் கடைசி மாடியில் எங்கள் சொந்த வீடு. அக்டோபர் மழையில் கூரை ஒழுகி, படுக்கையறை சிலிங் இடிந்து விழுந்தது. புது அலமாரியும் மெத்தையும் பாழ். நிர்வாகமோ, "உங்கள் காப்புறுதியில் கேளுங்கள்" என்கிறது. பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது அக்கா?

பதில்: கட்டணத்தை மட்டும் நிறுத்தாதீர்கள், தங்கச்சி. பாக்கிக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி ஏறலாம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது கடன்காரர் என்ற பேச்சு எதற்கு?

கூரை அடுக்குமாடியில் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான சொத்து. அடுக்குமாடி வீடுகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி அதைப் பழுதுபார்க்க வேண்டியது நிர்வாகம்தான். அவர்கள் கைகழுவ முடியாது. ஆனால் வாய்ப்பேச்சு உதவாது, இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, புகார் கிடைத்த 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். பார்த்த 5 நாளுக்குள், ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று படிவம் 28இல் சான்றிதழ் தர வேண்டும். அந்தத் தாளை விடாமல் கேட்டு வாங்குங்கள். யார் தலையில் செலவு விழும் என்பது அதை வைத்துத்தான். சிலிங்குக்கு மேலே உங்கள் சொந்த ஏர்கான் குழாயோ வாட்டர் ஹீட்டரோ கசிந்திருந்தால், செலவு உங்களுடையது.

இன்னொன்று. மிச்சமிருக்கும் சிலிங்கில் ஈரக்கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதிப் படமெடுங்கள். அடுத்த மழையில் கறை கோட்டைத் தாண்டினால் மறுபடி ஒரு கோடு, ஒரு படம். என் வீட்டில் அப்படி மூன்று கோடு விழுந்த பிறகுதான் மேலே ஏறிப் பார்க்க ஆள் வந்தது.

சரி, காப்புறுதி. வங்கிக் கடனோடு எடுத்த எம்ஆர்டிஏ இதற்கு உதவாது. அது கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ கடனை அடைப்பதற்கு. நிர்வாகம் எடுத்திருப்பது கட்டடத்துக்கான காப்புறுதி, உங்கள் மெத்தைக்கு அல்ல. வீட்டுப் பொருள்களுக்கென்று நீங்கள் தனியாக எடுத்திருந்தால் உடனே தகவல் கொடுங்கள். புயல் காற்றில் ஓடு பறந்து நனைந்ததென்றால் பெரும்பாலும் வழி உண்டு. நாள்பட்ட விரிசலில் மெல்ல மெல்லக் கசிந்ததென்றால் தேய்மானம் என்று தள்ளிவிடுவார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, காப்புறுதி, வங்கிப் புகார்களை விசாரிக்க 2025 முதல் இயங்கும் எஃப்எம்ஓஎஸ் குறைதீர்ப்புச் சேவையிடம் போகலாம்.

நிர்வாகம் அசையாவிட்டால் ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள். பெரும்பாலும் வழக்கறிஞர் தேவையில்லை. கூரையைச் சரிசெய்ய வேண்டும் என்பதோடு அலமாரிக்கும் மெத்தைக்கும் ஆன நட்டத்தையும் சேர்த்தே கேளுங்கள். பில், படங்கள், படிவம் 28 எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

அப்புறம், காப்புறுதி நிறுவனத்துக்காக நட்டத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வந்து பார்க்கும்வரை மெத்தையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். விளக்குக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் அந்த அறையின் மின்சாரத்தை மெயின் பெட்டியிலேயே நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் இன்றிரவு வேறு அறையில் படுக்கட்டும்.