காப்பாற்ற வந்த போலீஸ் கதவை உடைத்தால் பில் யாருக்கு?

கேள்வி: உள்ளே யாருக்கோ ஆபத்து என்று நினைத்து போலீஸ் கதவையோ கார் கண்ணாடியையோ உடைக்கிறார்கள், பார்த்தால் அப்படி ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் இதற்கு நஷ்டஈடு கிடைக்குமா?

சில ஊர்களில் கேட்டால் தருவார்கள். தந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் பெரும்பாலான இடங்களில் கிடையாது. போலீஸ் உடைத்தது சரியா என்பது ஒரு கேள்வி, செலவு யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வீட்டுக்காரர் தலையில் பில் விழுகிறது என்பது என் கட்சி.

முதல் கேள்விக்கு நல்ல உதாரணம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கீன் என்ற ஊரில் 2016 ஜூலையில் நடந்தது. வால்மார்ட் பார்க்கிங்கில் நின்ற காருக்குள் ஒரு குழந்தை அசைவில்லாமல் கிடக்கிறது என்று தகவல் போனது. வந்த லெப்டினன்ட் எட்டிப் பார்த்தார். போர்வைக்கு வெளியே இரண்டு குட்டிப் பாதங்கள், கூடவே ஒரு பால் புட்டி. கண்ணாடியை உடைத்து வெளியே எடுத்தார். மூச்சில்லை, நிறமும் செத்துப்போன குழந்தையின் நிறம். முதலுதவி செய்யப் போய் வாய்க்குள் விரலை விட்டார், விரல் உள்ளே போகவில்லை. அப்போதுதான் அது பொம்மை என்று தெரிந்தது. ‘ரீபார்ன்’ என்று ஒரு வகைப் பொம்மை இருக்கிறது. தோலில் நரம்பு ஓடுவது, மடிப்பு, செம்மை எல்லாவற்றையும் கையால் தீட்டி நிஜக் குழந்தை மாதிரியே செய்வார்கள். இது இரண்டாயிரம் டாலருக்கு மேல் விலை கொடுத்து வாங்கியது. உடைந்த கண்ணாடிக்குச் சுமார் 300 டாலர் ஆனது, போலீஸ் துறையே கொடுத்துவிட்டது. அடுத்த முறையும் குழந்தை என்றுதான் எடுத்துக்கொள்வேன் என்று அந்த லெப்டினன்ட் பிறகு சொன்னார்.

அவர் சொன்னதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. வெளியே 27 டிகிரி செல்சியஸ்தான் என்றாலும் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 37 ஆகிவிடும், அரை மணியில் 45-ஐத் தாண்டும். குழந்தையின் உடம்பு பெரியவர்களுடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். அமெரிக்காவில் வருடத்துக்குச் சராசரியாக 37 குழந்தைகள் இப்படிச் சாகிறார்கள். பொம்மையா குழந்தையா என்று கண்ணாடி வழியாக ஆராய்ந்துகொண்டு நிற்கும் போலீஸ் எனக்கு வேண்டாம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. உள்ளே இருப்பவருக்குப் பலத்த காயம் பட்டிருக்கிறது, அல்லது உடனே படப்போகிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே வீட்டுக்குள் போகலாம் என்று 2006-ல் பிரிகாம் சிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நொடியில் அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் கணக்கு. உள்ளே ஒன்றும் இல்லை என்று பின்னால் தெரிவதால் நுழைந்தது குற்றமாகிவிடாது. ஆனால் ‘ஊருக்கு உதவுவதும் எங்கள் வேலைதானே’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போக முடியாது என்று 2021-ல் கனிக்லியா வழக்கில் அதே நீதிமன்றம் கோடு போட்டது. கார் விஷயத்தில் போலீசுக்கு இருக்கும் சலுகை வீட்டு விஷயத்தில் கிடையாது.

சரி, பணம். தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுத்தால் நியாயமான ஈடு தர வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாம் திருத்தம் சொல்கிறது. கதவு உடைந்ததும் பொதுப் பயனுக்குத்தானே என்று கேட்டால் நீதிமன்றங்கள் நழுவுகின்றன. இதன் வேர் பழையது. 1849 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ பற்றி எரிந்தபோது, தீ பரவாமல் இருக்க நகரத் தலைவர், வேறொருவருடைய வீட்டை வெடிவைத்துத் தகர்த்தார். அவசியத்துக்காகச் செய்தது, ஈடு கிடையாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1853-ல் சொல்லிவிட்டது. அந்தப் பழைய வாதம் இன்றைக்கும் ஓடுகிறது. டெக்சஸில் மெக்கின்னி ஊரில் 2020-ல், தப்பியோடிய ஒருவன் ஒரு சிறுமியைப் பிடித்துவைத்துக்கொண்டு குற்றத்தில் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டில் ஒளிந்தான். போலீஸ் அந்த வீட்டைச் சல்லடையாக்கியதில் 50,000 டாலருக்கு மேல் சேதம். கீழ் நீதிமன்றம் ஈடு கொடுக்கச் சொன்னது. ஐந்தாம் திருத்தத்தின் கீழ் தர வேண்டியதில்லை என்று 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பியது. 2024-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை. இது இன்னும் தீராத முக்கியமான கேள்வி என்று அதன் நீதிபதிகள் சோடோமேயரும் கோர்சச்சும் எழுதி வைத்ததோடு சரி.

எனக்குப் பிடித்த தீர்ப்பு மினசோட்டாவுடையது. 1991-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், போலீஸ் கண்ணீர்ப்புகை குண்டு போட்டுப் பாழாக்கிய வீட்டுக்கு நகரமே ஈடு தர வேண்டும் என்றது. போலீஸ் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. ஊருக்காகச் செய்ததன் செலவை ஊரே பகிர்ந்துகொள்ள வேண்டும், அகப்பட்ட ஒருவர் தலையில் கட்டக் கூடாது என்றது. அது மாநில அரசியல் சாசனத்தை வைத்துச் சொன்னது, ஆகவே பக்கத்து மாநிலத்துக்குப் பொருந்தாது.

இனி நான் கிட்டேயிருந்து பார்த்தது. நியூ ஜெர்சியில் எங்கள் அபார்ட்மென்டில் மேல் மாடியில் கோயம்புத்தூர்க் குடும்பம். மகன் வேலையாக வேறு மாநிலம் போயிருந்தார், அம்மா மட்டும் வீட்டில். அவர் ஃபோனைச் சமையல்கட்டில் வைத்துவிட்டுப் பார்க்குக்கு நடக்கப் போய்விட்டார். மகன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்ற பயத்தில் வெல்ஃபேர் செக் கேட்டு, அதாவது ஆள் நலமா என்று நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி, போலீசை அழைத்தார். வந்தவர்கள் தட்டினார்கள், கூப்பிட்டார்கள். உள்ளே ஃபோன் அடிப்பது மட்டும் வெளியே கேட்டது. உடைத்துவிட்டார்கள்.

கதவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பூட்டின் நாக்கு நீட்டினபடியே இருந்தது. அது போய் மாட்டும் நிலையின் மரச் சட்டம்தான் மேலிருந்து கீழ்வரை பிளந்து, தகடு திருகாணிகளோடு பிய்ந்து வாசலில் கிடந்தது. செருப்புகள் மேலெல்லாம் மரச் சிராய். அந்த அம்மா திரும்பி வந்து, “ஏங்க தம்பி, நான் நடந்துட்டு வர்றதுக்குள்ள யாருங்க கதவ இப்படிப் பண்ணுனது?” என்றார். போலீஸ்காரர்கள் தன்மையாகத்தான் பேசினார்கள். ஒரு கார்டில் சம்பவ எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறு வாரம் நிலை, பூட்டு, கூலி எல்லாம் சேர்த்து அபார்ட்மென்ட் அலுவலகத்திலிருந்து பில் வந்தது.

கார் குழந்தையையும் இதையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். இங்கே சாவி இருந்தது. மாலையில் அலுவலகம் பூட்டியிருந்தாலும் மராமத்து ஆளின் அவசர எண் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருக்கிறது. அவரிடம் மாஸ்டர் சாவி உண்டு. உள்ளேயிருந்து முனகல் சத்தம் கேட்டால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஒருவர் ஃபோன் எடுக்கவில்லை என்பது மட்டுமே தகவல் என்றால், ஒருபக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே இன்னொருபக்கம் சாவிக்குச் சொல்லியிருக்கலாம். அதைவிட மோசம் வீட்டு எண் மாறி உடைப்பது. அதில் நல்லெண்ணம் என்று பேச இடமே இல்லை, முழுக்க அவர்கள் பிழை.

இப்படித் தப்பான தகவலுக்கு போலீஸ் ஓடி வருவது இனி கூடத்தான் செய்யும். கார் மோதினால் தானாகவே அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கும் வசதியோடு ஐஃபோன் 14 வந்த 2022-ல், ஒஹையோவில் ரோலர் கோஸ்டரில் கத்திக்கொண்டிருந்தவர்களின் ஃபோன்கள் விபத்து என்று அழைத்தன. மனிதர் அழைத்தால் நாலு கேள்வி கேட்கலாம். ஃபோன் தானாக அழைத்தால் என்ன கேட்பது?

உங்களுக்கு நடந்தால் முதலில் சம்பவ எண்ணை வாங்குங்கள், எதையும் கூட்டிப் பெருக்குவதற்கு முன் படம் எடுங்கள். நகர நிர்வாகத்துக்கு எழுத்தில் கோரிக்கை கொடுக்க மாநிலத்துக்கு மாநிலம் கெடு உண்டு. நியூ ஜெர்சியில் 90 நாள். போலீஸ் மேல் குற்றம் சுமத்தி எழுதாதீர்கள், இந்தச் செலவை ஊர் ஏற்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். வாடகைதாரர் இன்சூரன்ஸ் பெரும்பாலும் உங்கள் சாமான்களுக்குத்தான், கதவும் நிலையும் கட்டடக்காரரின் இன்சூரன்சில் வரும். அதனால் அலுவலகம் பில் அனுப்பினால் உடனே கட்டிவிடாமல் குத்தகைப் பத்திரத்தில் எந்த வரியின்படி கேட்கிறீர்கள் என்று கேளுங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, வெல்ஃபேர் செக்குக்கு அழைக்கும்போதே அதைச் சொல்லுங்கள்.

மேல் மாடிக்காரர்களுக்காகக் கோரிக்கையை நானும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் சட்டப்படிதான் நடந்தார்கள், ஆகவே தர இயலாது என்று நகரத்திலிருந்து இரண்டு பத்தியில் பதில் வந்தது. அலுவலகத்தோடு மல்லுக்கட்டியதில் பாதியைத் தள்ளினார்கள், மீதியை மகன் கட்டினார்.