யூரின் டிரக் டெஸ்ட்: ரிப்போர்ட் புரியாதவர்களுக்குக் கேள்வி பதில்

லேபில் பல வருடமாக வேலை. கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்கள் மெடிக்கல் முடித்துவிட்டு இந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு பதறி நிற்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல உட்கார்ந்தேன். கேளுங்கள்.

கேள்வி: தம்பி மேல் சந்தேகப்பட்டு மெடிக்கலில் ஸ்ட்ரிப் வாங்கிப் பார்த்தோம். இரண்டு கோடு வந்துவிட்டது, அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.

முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், இரண்டு கோடு என்றால் நெகட்டிவ். கர்ப்பம் பார்க்கும் கிட்டுக்கு நேர்மாறு இது. யூரினில் போதைப்பொருள் இருந்தால் 'டி' என்று போட்ட இடத்தில் கோடு விழாமல் அது தடுத்துவிடும், அதனால் 'சி' கோடு மட்டும் தெரிந்தால்தான் பாசிட்டிவ். 'டி' கோடு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு மங்கலாக இருந்தாலும் நெகட்டிவ்தான். 'சி'யே வரவில்லையா, அந்த ஸ்ட்ரிப் செல்லாது, புதிதாக ஒன்று போடுங்கள்.

கேள்வி: கப்பல் மெடிக்கலில் 'ஓபியேட்ஸ் பாசிட்டிவ்'. எனக்கு சிகரெட் பழக்கம்கூட இல்லை அண்ணா. முந்தின நாள் கசகசா அரைத்து விட்ட குருமா சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று விடாதீர்கள் தம்பி, காரணம் அதுவாகவே இருக்கலாம். ஓபியேட்ஸ் என்றால் அபினியிலிருந்து வரும் மார்பின், கோடீன் போன்றவை; கசகசா அந்த அபினிச் செடியின் விதை. காயில் வடியும் பால் விதை மேல் ஒட்டியிருக்கும், அதில் மார்பினும் கோடீனும் உண்டு. கழுவி வேகவைத்தால் குறையும், ஆனால் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது விதைக்கு விதை மாறும். அமெரிக்க அரசு வேலைகளுக்கான டெஸ்டில் இதற்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று மில்லிக்கு 300 நானோகிராமாக இருந்த வரம்பை 1998இல் 2000 ஆக உயர்த்தியதற்கு இதுவும் காரணம். 300 வரம்புள்ள கிட்டுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன, உங்கள் ரிப்போர்ட்டில் எந்த வரம்பு என்று பாருங்கள்.

அப்புறம், அதே சாம்பிளில் ஜிசி-எம்எஸ் என்கிற, எந்தப் பொருள் என்று துல்லியமாகக் காட்டும் உறுதிப்பாட்டு டெஸ்ட் கேளுங்கள். அதிலும் மார்பின் தெரியத்தான் செய்யும், ஏனென்றால் அது நிஜ மார்பின். ஆனால் அளவு தெரியும், ஹெராயின் எடுத்தால் வரும் 6-அசிட்டைல்மார்பினையும் தேடலாம், அது கசகசாவில் வராது. மெடிக்கலுக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கசகசா வேண்டாம். துபாய் பெட்டியில் வைக்கவே கூடாது, அங்கே அது தடை.

கேள்வி: ஆம்ஃபெட்டமின் பாசிட்டிவ். வாய்வுக்கு ரானிடிடின் மட்டும்தான் போடுகிறேன்.

போதும், அதுவே ஸ்கிரீனிங் என்கிற முதல்கட்ட டெஸ்டை ஏமாற்றி, ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருள் போலக் காட்டும். ரத்த அழுத்தத்துக்கான லபெட்டலாலும் அப்படித்தான். ஸ்கிரீனிங் மூலக்கூறின் சாயலைப் பார்க்கிறது, ஆளையே அடையாளம் காண்பதில்லை. உங்களுக்கு ஜிசி-எம்எஸ் நல்ல பதில் தரும். போடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வலிப்புக்குக் குளோனாசிபாம் தினமும் கொடுக்கிறேன். ரிப்போர்ட்டில் பென்சோ நெகட்டிவ், மாத்திரையை நீங்கள் ஒழுங்காகத் தருவதில்லையா என்று டாக்டர் கேட்கிறார்.

இந்தக் கேள்வி எனக்கு மனசு வலிக்கிறது அக்கா, தப்பே செய்யாதவர் மேல் பழி விழுகிற இடம் இது. பென்சோ என்பது குளோனாசிபாம், டயாசிபாம் எல்லாம் சேர்ந்த மருந்துக் குடும்பம். பல கிட்டுகள் டயாசிபாம் வகை உடைந்து வரும் ஆக்சாசிபாமைத்தான் நன்றாகப் பிடிக்கும். குளோனாசிபாம் வேறு பொருளாக, 7-அமினோகுளோனாசிபாமாக வெளியேறுகிறது, கிட் அதைக் கோட்டை விட்டுவிடும். டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லி அதற்கான தனி டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள். எந்த ரிப்போர்ட்டை நம்பியும் நீங்களாக டோஸை ஏற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

கேள்வி: 'டைலூட்' என்று போட்டிருக்கிறார்கள். நான் ஏமாற்றியதாக அர்த்தமா?

இல்லை. யூரின் தண்ணீராக நீர்த்திருக்கிறது என்றுதான் அர்த்தம். யூரினில் போகும் கிரியேட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே, அடர்த்தி எண் 1.003க்குக் கீழே என்றால் அப்படி எழுதுவோம். யூரின் சீக்கிரம் வரட்டும் என்று வரிசையில் நின்றபடியே இரண்டு லிட்டர் குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது சாதாரணமாக வரும். மறுபடி கூப்பிட்டால் காலையில் எழுந்ததும் போகும் முதல் யூரினை அடக்கி வைத்துக்கொண்டு போங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.