பொண்ணுக்கு டிஸ்டில்லரி ஈஸ்ட் லேப்ல வேலை, சேர விடலாமா?

அம்மா, உங்க கேள்விய படிச்சேன். கவலை ரெண்டா இருக்கு. சாராய ஆலைல வேலைன்னா நாலு பேர் என்ன சொல்வாங்கங்கறது ஒண்ணு, மொலாசஸுக்கு (சர்க்கரை ஆலைல மிஞ்சற கரும்பாகு) எந்த ஈஸ்ட் சரின்னு பாத்துட்டு உக்காந்திருந்தா பொண்ணோட எதிர்காலம் என்னாகும்ங்கறது இன்னொண்ணு. முதல் கவலைய சீக்கிரம் முடிச்சிடலாம். மொலாசஸ்லேர்ந்து வர்ற ஆல்கஹால் எல்லாம் பாட்டிலுக்குப் போறதில்ல, பெட்ரோல்ல கலக்கறாங்க, சானிடைசருக்குப் போகுது, மருந்து கம்பெனிக்கும் கெமிக்கல் கம்பெனிக்கும் போகுது. அவ கையாளப்போற சாக்கரோமைசஸ் செரிவிசியேங்கற அதே ஈஸ்ட் இனத்த வச்சுதான் இன்சுலினும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும்கூட தயாரிக்கறாங்க. நாளைக்கு ரெஸ்யூமேல இண்டஸ்ட்ரியல் ஃபெர்மென்டேஷன் அனுபவம்னுதான் போடுவா, அத பாத்து யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.

ரெண்டாவதுதான் பேச வேண்டிய விஷயம். ரொட்டிக்குப் போடற ஈஸ்ட்டே போதாதா, இதுக்கு ஒரு எம்.எஸ்ஸி. படிச்ச ஆளான்னு உங்க வீட்டுக்காரர் கேட்டிருக்கார், நியாயமான கேள்விதான். போட்டா நொதிக்கும், அதாவது சர்க்கரைய ஆல்கஹாலா மாத்தும் (இதுதான் ஃபெர்மென்டேஷன்), ஆனா மொலாசஸ் வெறும் சர்க்கரைத் தண்ணி இல்ல. பாதிக்குப் பாதி சர்க்கரை, மீதில பொட்டாசியம் கால்சியம் உப்பு, பாகு காய்ச்சும்போது உண்டான கருகல் பொருள், ஸ்டாக் பழசாச்சுன்னா ஆவியாகற ஆசிட் வேற. இதுக்குள்ள விழற ஈஸ்ட் உப்பையும் தாங்கணும், சூட்டையும் தாங்கணும், தானே பண்ற ஆல்கஹாலையும் தாங்கணும். பிரேசில்ல ரொட்டி ஈஸ்ட்டோட சீசன ஆரம்பிச்ச ஆலைங்கள்ல கொஞ்ச வாரத்துலயே உள்ளூர் காட்டு ஈஸ்ட் வந்து அத துரத்திட்டு டேங்க பிடிச்சுக்கிச்சு. அப்படி ஜெயிச்சு நின்னதுலேர்ந்து பிரிச்சு எடுத்ததுதான் பிஇ-2, கேட்-1 மாதிரி ஸ்ட்ரெய்ன்கள் (ஒரே ஈஸ்ட் இனத்துக்குள்ள தனித்தனி வகைங்க), இன்னைக்கு அங்க நிறைய ஆலைல ஓடறது அதுங்கதான்.

எது பெஸ்ட் ஈஸ்ட்னு கேட்டா பதிலே கிடையாது, கைல இருக்கற மொலாசஸுக்கும் அந்த ஃபேக்டரி டேங்குக்கும் எது ஒத்துவருதுன்னுதான் பாக்கணும். 40 டிகிரி தாண்டியும் அசராத க்ளூய்வெரோமைசஸ் மார்க்சியானஸ்னு ஒண்ணு இருக்கு, கூலிங் செலவு மிச்சம்னு ஆசையா எடுத்தா ஆல்கஹால் கொஞ்சம் ஏறினதுமே சோர்ந்துடும். திரிதிரியா ஒட்டிக்கிட்டு அடில படியற ஸ்ட்ரெய்ன்னா அள்ளி மறுபடி போட வசதி, ஆனா அதுக்கேத்த மாதிரி பிளான்ட் இருக்கணும், இல்லன்னா சர்க்கரை மேல, ஈஸ்ட் கீழன்னு நின்னுடும். சிலது குளுக்கோஸ மளமளன்னு முடிச்சிட்டு ஃப்ரக்டோஸ்ல இழுத்துக்கிட்டே கிடக்கும். சிலது நல்லா வேலை செய்யும் ஆனா நுரை பொங்கி டேங்குக்கு வெளிய வழியும். இந்த மாதிரி ஒண்ண விட்டுக் கொடுத்து ஒண்ண எடுக்கற பழக்கம் வந்துட்டா அவ எந்த ஃபெர்மென்டேஷன் கம்பெனிக்குப் போனாலும் பொழைச்சுப்பா.

வேலை எப்படி இருக்கும்னு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். மொலாசஸ தண்ணி விட்டு கலக்கி, பிஹெச் (புளிப்பு அளவு) 4.5 பக்கம் கொண்டுவந்து, கொஞ்சம் யூரியா சேத்து ஒரே அளவு ஃபிளாஸ்க்ல ஊத்தி ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்ட்ரெய்ன போட்டு, காத்து வெளிய மட்டும் போற மாதிரி மூடி 32 டிகிரில வைப்பாங்க. அப்புறம் சில மணி நேரத்துக்கு ஒருதரம் தராசுல வைக்கறதுதான். 180 கிராம் குளுக்கோஸ்லேர்ந்து கணக்குப்படி 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வரணும், கேஸ் வெளிய போயிடுது, அதனால குறைஞ்ச எடைய 1.045-ஆல பெருக்கினா எவ்வளவு ஆல்கஹால் ஆயிருக்கும்னு ஏறக்குறைய தெரிஞ்சிடும். கடைசில ஒரு சொட்டு எடுத்து மெத்திலீன் புளூ விட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா செத்த செல் நீலமா தெரியும், உயிரோட இருக்கறது நிறமில்லாம இருக்கும். வேகமா முடிச்ச ஸ்ட்ரெய்ன்ல பாதி நீலமா கிடந்தா அடுத்த பேட்ச்சுக்கு அத மறுபடி போட முடியாது, அப்ப அந்த வேகத்துக்கு என்ன மதிப்பு?

ஆனா கண்ண மூடிட்டு சேத்துடாதீங்க. லேப்னு பேர் இருக்கும், உள்ள போனா கல்ச்சர் டியூப்ப மாத்தி மாத்தி வச்சுட்டு ரெஜிஸ்டர்ல எழுதற வேலை மட்டும்தான் இருக்கும், அங்க ரெண்டு வருஷம் போனா போனதுதான். இன்டர்வியூல அவளையே கேக்கச் சொல்லுங்க, நீங்க கூடப் போய் கேக்காதீங்க (கேப்பீங்கன்னு தெரியும்). ஃபிளாஸ்க்ல ஜெயிச்ச ஸ்ட்ரெய்ன பெரிய டேங்குல ஓட்டிப் பாக்கறப்ப லேப் ஆளுங்களையும் கூப்பிடுவாங்களா, மொலாசஸ் லோடு மாறினா மறுபடி டெஸ்ட் பண்றாங்களா, ஜிசி, ஹெச்பிஎல்சி மெஷின (கலவைல எந்தப் பொருள் எவ்வளவு இருக்குன்னு அளக்கறதுங்க) அவ கைல கொடுப்பாங்களா. மூணுக்கும் மழுப்பலா பதில் வந்தா வேற இடம் பாக்கலாம்.

மைக்ரோபயாலஜி பசங்க பொதுவா தடுமாறற இடம் கணக்குதான். இத்தனை டன் சர்க்கரை உள்ள போச்சு, இத்தனை ஆல்கஹால் வந்துச்சு, மீதி எங்கன்னு பேலன்ஸ் போடத் தெரியணும், அங்கதான் கெமிக்கல் இன்ஜினியரிங் பசங்க முந்திடறாங்க. சேர்றதுக்கு முன்னாடி இருக்கற லீவுல அத கத்துக்கட்டும், கொஞ்சம் ஸ்டாடிஸ்டிக்ஸும்.

அப்புறம் நாத்தம், சூடு, ஷிஃப்ட் மூணும் உண்டு, மறைக்க வேணாம். ஒரு பேட்ச் 24லேர்ந்து 36 மணி நேரம் வரை ஓடும், நடுராத்திரி சாம்பிளும் யாராவது எடுத்துதான் ஆகணும். நைட் ஷிஃப்ட்டுக்கு வண்டி உண்டா, கூட ஆள் இருப்பாங்களான்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடச் சொல்லுங்க.