வங்கி நேர்முகத் தேர்வில் நல்ல பெயர் எடுக்க எப்படித் தயாராவது?

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன், அடுத்த மாதம் நேர்முகத் தேர்வு, உள்ளே நுழைந்ததும் நல்ல அபிப்பிராயம் ஏற்படுத்த என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு முறை தோற்று மறுமுறை தேறியவள். தோற்ற கதையை முதலில் சொல்கிறேன்.

அப்போது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம், வங்கிகள் அதனிடம் வைத்திருக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதம் எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பேன். உட்கார்ந்ததும் குழுவின் தலைவர் என் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “சொந்த ஊர் காரைக்குடி. வங்கித் தொழிலுக்கும் உங்கள் ஊருக்கும் என்ன தொடர்பு?” நான் செட்டிநாட்டுச் சமையலைப் பற்றிப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொழுதுபோக்கு என்ற இடத்தில் நான் எழுதியிருந்த ‘தோட்டக்கலை’ மீது விரலை வைத்தார். என்ன செடிகள் வளர்க்கிறீர்கள்? எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்தது ஒரே ஒரு கறிவேப்பிலைக் கன்று. அதற்கும் தண்ணீர் ஊற்றியது அம்மா. விண்ணப்பம் நிரம்ப வேண்டுமே என்று எழுதியது அது. அதன்பின் ரெப்போ விகிதத்தை யாரும் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். என் ஐயா, அதாவது தாத்தா, இளவயதில் மலாயாவில் ஒரு கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், பெட்டியடிப் பையனாக இருந்தவர். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை பார்த்தபடியே கணக்குப் பழகுகிற பையனுக்கு அந்தப் பெயர். “உன்னைத் தோற்கடித்த காகிதத்தைக் கொண்டு வா” என்றார். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்டார். இதை எழுதியது யார்? கல்லூரியில் என்ன படித்தாய், அதில் எது பிடித்தது, ஏன்? நான் திணறிய இடத்தில் எல்லாம் கோடு விழுந்தது. மொத்தம் பதினொரு கோடுகள். என்னைக் கேட்டால் உங்கள் தயாரிப்பையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் விண்ணப்பத்தைப் பற்றி எதுவும் தெரியாத, உங்களிடம் தயவு தாட்சண்யம் பார்க்காத ஒருவரிடம் அதைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பாசமுள்ள தோழி உதவ மாட்டாள்.

ஊரைப் பற்றிய கோட்டுக்கு மட்டும் நான்கு சாயங்காலங்கள் ஆயின. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நிறுவியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். வெளிநாட்டு வணிகம்தான் அவர் குறி, அதனால்தான் ரங்கூன். பேரேடு, ஐந்தொகை, பணமாற்றுச் சீட்டான உண்டியல், தவணை வட்டி என்று ஐயா சொல்லச் சொல்ல, நான் பாடப் புத்தகத்தில் ஆங்கிலப் பெயரில் படித்தவை எல்லாம் எங்கள் வீட்டு நடுமுற்றமான வளவிலேயே புழங்கியவை என்று புரிந்தது. வட்டித் தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தார் கூடித் தங்களுக்குள் நிர்ணயித்துக்கொண்ட ‘நடப்பு வட்டி’யைக் கேட்டபோது ரெப்போ விகிதமே எனக்கு வேறு மாதிரி விளங்கியது. நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் இப்படித் தேடிப் பாருங்கள். நெசவோ, சந்தையோ, கூட்டுறவுச் சங்கமோ, பணம் புழங்காத ஊர் கிடையாது.

இன்னொரு பயிற்சியையும் ஐயா விடவில்லை. முகப்பிலிருந்து வளவுக்கு நடந்து வந்து, வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்ன பிறகு உட்கார வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நாற்காலியை இழுத்தால் கிறீச்சென்று சத்தம் எழும். சத்தம் கேட்டால் “மறுபடியும் வா, ஆத்தா” என்பார். ஐந்தாறு முறைக்குள் நாற்காலியைத் தூக்கி வைக்கக் கற்றுக்கொண்டேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் கைகால் நடுக்கம் இதில்தான் போனது.

உடை பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். முன்பே உடுத்திப் பழகியது, கசங்காதது, அவ்வளவுதான். முதல் முறை புதுப்புடவை கட்டி, மடிப்பு நழுவுமோ என்ற பயத்திலேயே இருந்தேன். இரண்டாம் முறை எங்கள் செட்டிநாட்டுப் புடவையான கண்டாங்கியை, அம்மாவின் பழைய பருத்திப் புடவை, கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிப் போனேன்.

பயணத்தில் அசட்டை வேண்டாம். எங்கள் ஊரையே பாருங்கள், பல்லவன் ரயில் அதிகாலையில் காரைக்குடியை விட்டாலும் சென்னை எழும்பூர் போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். காலைத் தேர்வுக்கு அது உதவாது, முதல் நாளே போய்விடுங்கள். அசல் சான்றிதழ்களை அழைப்புக் கடிதத்தில் உள்ள வரிசையிலேயே அடுக்கி வையுங்கள்.

மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐபிபிஎஸ் நடத்தும் அதிகாரி தேர்வு என்றால் நேர்முகத்துக்கு 100 மதிப்பெண். பொதுப் பிரிவினர் அதில் குறைந்தது 40 விழுக்காடு எடுக்க வேண்டும், எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 35. இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் 80க்கு 20 என்ற கணக்கு. பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள், பயந்து சாக வேண்டாம்.

இரண்டாம் முறை குழுவில் இருந்த அம்மையார் புடவையைப் பார்த்து “கண்டாங்கியா?” என்றார். அங்கிருந்து பேச்சு ஊருக்கு வந்தது, ஊரிலிருந்து நடப்பு வட்டிக்குப் போனது. கடைசியாக அந்நியச் செலாவணி பற்றி ஒன்று கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. “தெரியவில்லை ஐயா” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அதற்கும் வீட்டில் ஒத்திகை நடந்திருந்தது. தெரியாத இடத்தில் நான் மழுப்பினால் ஐயா பென்சிலால் மேசையைத் தட்டுவார்.

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அவர் கேட்டது, “எத்தனை வருஷச் சம்பளச் சீட்டு?” அவர் காலத்தில் கடல் கடந்து போகிறவர்களுக்கு மூன்று வருட ஒப்பந்தம். அறுபது வயது வரை என்றேன். பணி நியமனக் கடிதத்தை வாங்கி, அதில் எங்கே அப்படி எழுதியிருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார்.