கூட்டை இறுக மூடினால் கொண்டை கறுக்கும்: கோழி வளர்ப்பு கேள்வி – பதில்

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு)ப் பின்னால் தகரக் கூட்டில் பத்துக் கோழியும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். உறைபனி தொடங்கியதும் சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, சந்து பொந்தெல்லாம் சாக்கு வைத்து அடைத்தோம். அப்படியும் சேவலின் கொண்டை நுனி வெளுத்து, இப்போது கறுத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– வாசகி, செண்டுவாரை

நீங்கள் அடைத்ததுதான் காரணம். ஒரு கோழி நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட கால் லிட்டர் தண்ணீர் குடிக்கிறது. முட்டைக்குப் போனது போக மீதியெல்லாம் மூச்சாகவும் எச்சமாகவும் வெளியேறும். பதினோரு உருப்படியின் ஈரமும் போக வழியில்லாமல் கூட்டுக்குள்ளேயே நின்றால் என்ன ஆகும்? விடியற்காலையில் டார்ச் அடித்துத் தகரத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். அது சொட்டுவது கொண்டை மேல்தான். கோழியின் உடல் சூடு 41 டிகிரி. இறகு உலர்ந்திருந்தால் நம் மூணாறு மலைக்குளிரைச் சுலபமாகத் தாங்கிவிடும். கொண்டைக்கும் தாடிக்கும் இறகு கிடையாது. குளிரில் அங்கே ரத்த ஓட்டமும் குறையும், ஈரமும் சேர்ந்தால் நுனி செத்துவிடும். சேவலுக்குக் கொண்டை பெரிது என்பதால் முதல் அடி அதற்கு. சிறிதாகப் படிந்த பட்டாணிக் கொண்டை உள்ள அசீல் (சண்டைக்கோழி) இனத்துக்கு இந்தத் தொல்லை குறைவு.

இன்றே செய்ய வேண்டியது: கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில் நான்கு விரற்கடை உயரத்துக்கு நீளவாக்கில் திறந்துவிடுங்கள். மரநாய் நுழையாதபடி அரை இஞ்ச் கம்பி வலை அடியுங்கள். அடைந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே இந்தத் திறப்பு இருக்க வேண்டும். தலை மட்டத்தில் இருந்தால் வாடைக்காற்று நேரே கோழியின் மேல் அடிக்கும். தார்ப்பாயைக் கீழ்ப்பாதியோடு நிறுத்துங்கள். மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுப் போகும். அதனால் தகரத்துக்கு மேலே அரை அடி கனத்துக்குக் காய்ந்த புல்லைப் பரப்பிக் கட்டுங்கள். சாக்கை உள்பக்கம் தொங்கவிட வேண்டாம். நனைந்து பூசணம் பிடிக்கும்.

தரையில் உமியோ மர இழைப்புச் சீவலோ அரை அடி போடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது; கொழுக்கட்டை போல நின்றால் ஈரம் அதிகம், மாற்ற வேண்டும். கோழி உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுக்கும்போது கண் எரிந்தாலும் அதே பொருள்தான்.

அடையும் கம்பு இரும்புக் குழாயாக இருந்தால் கழற்றிவிட்டு, மூன்று இஞ்ச் அகலமுள்ள பலகையைப் படுக்கைவசமாக வையுங்கள். உட்காரும்போது நெஞ்சு இறகு விரல்களை முழுக்க மூடிவிடும். ஒரு கோழிக்கு முக்கால் அடி இடம் போதும்.

கறுத்த நுனியை வெட்டாதீர்கள், தேய்க்காதீர்கள், அடுப்பருகே காட்டாதீர்கள். அடியில் புதுத் தோல் வரும்வரை அந்தக் கறுப்பே மூடிபோல் காக்கும். சில வாரத்தில் தானே உதிரும். மற்றக் கோழிகள் கொத்தினால் தனியே வையுங்கள். சீழோ நாற்றமோ இருந்தால் மிருகாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வெளுத்த நிலையிலேயே பார்த்துவிட்டால், வெதுவெதுப்பான துணியை ஒற்றி மெல்லச் சூடேற்றலாம். வெளுத்தது கோழியின் கால்விரல் என்றால் அதை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் வைத்து, நன்றாகத் துவட்டி, அன்றிரவு வீட்டுக்குள் வைக்க வேண்டும். மறுபடி உறைந்தால் முன்னைவிடச் சேதம் அதிகம். எண்ணெயை நம்ப வேண்டாம். காற்றோட்டம் செய்யும் வேலையை அது செய்யாது. இந்தச் சேவலோடு சேர்ந்த கோழிகளின் முட்டையைச் சில வாரம் அடைக்கு வைக்காதீர்கள், கரு கூடாமல் போகலாம்.

கொண்டையில் கறுப்புப் பொட்டு வந்தால் அது பனியா, அம்மையா?
– வாசகர், வட்டவடை

பனி பட்டால் நுனி மட்டும் தட்டையாகக் கறுக்கும். அம்மை அப்படியில்லை, மரு போல எழும்பி, கண்ணிமை, அலகு ஓரம், தாடி என்று பரவும், கொசுவும் பரப்பும். கொண்டை முழுவதும் நீலம் பாரித்து முகம் வீங்கி, ஒன்றிரண்டு கோழி திடீரென்று செத்தால் இரண்டுமல்ல. செத்ததைத் தொடாமல், யாருக்கும் விற்காமல், உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலிலும் இப்படி ஆகும்.

முப்பது குஞ்சு இறக்கினோம். எல்.இ.டி. பல்பு போட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிபட்டுச் சாகின்றன. கரிச்சட்டி வைக்கலாமா?
– வாசகி, குண்டளை

எல்.இ.டி. வெளிச்சம்தான் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு அதில் இல்லை. பழைய குண்டு பல்பு 60 வாட் இரண்டு போடுங்கள். குஞ்சுக்கு 2 வாட் என்று பார்த்தால் ஒன்றே போதும். நள்ளிரவில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது எரியட்டும் என்றுதான் இரண்டு. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள். அறுந்து உமியில் விழுந்தால் கூடே எரிந்துவிடும். முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். தெர்மாமீட்டர் இல்லையா, குஞ்சுகளையே பாருங்கள்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், விளிம்புக்கு ஓடி வாய் திறந்தால் சூடு, பரவலாகப் படுத்தால் சரி. அதிகச் சூடாயிருந்தால் பல்பை உயர்த்துங்கள்.

மூடிய இடத்தில் கரிச்சட்டி கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காலையில் எல்லாம் செத்துக் கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் ஒரு நாள் குஞ்சை வாங்குவதைவிட, இறகு முளைத்த 45 நாள் குஞ்சை வாங்குவதே நம் மலைக்கு ஏற்றது.

குளிர் வந்ததும் முட்டை பாதியாகிவிட்டது.
– வாசகர், தேவிகுளம்

பகல் கொஞ்சம் சுருங்குகிறது, பதினொன்றரை மணி நேரம்தான். அதைவிட, தின்பதெல்லாம் உடல் சூட்டுக்கே போய்விடுகிறது. வழக்கமான 120 கிராம் தீவனத்தோடு, அடையும் முன் கோழிக்கு 15 கிராம் உடைத்த மக்காச்சோளம் கொடுங்கள். இரவெல்லாம் செரித்துச் சூடு தரும். காலையில் தண்ணீர்ச் சட்டியில் ஆடை போலப் பனி படர்ந்திருந்தால் கோழி குடிக்காது, குடிக்காவிட்டால் தின்னாது. அதைக் கொட்டிவிட்டு வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். இரவில் தண்ணீரைக் கூட்டுக்குள் வைக்க வேண்டாம்.