செவலை குடித்த தண்ணீர்க் கணக்கு

"செல்லப் பிராணிக்கு நோய் வந்தோ அடிபட்டோ கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் உண்டா? முதல் முறை போகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. 2022 மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாளில், எங்கள் செவலையைப் பழைய போர்வையில் கிடத்தி, ஓட்டேரியிலிருந்து வேப்பேரிக்கு ஆட்டோவில் கொண்டு போனேன். அங்கே டாக்டர் என்னிடம் ஆறு கேள்விகள் கேட்டார். முதல் கேள்வியைத் தவிர ஒன்றுக்குக்கூட ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. நான் பிழைப்புக்குச் செய்வதோ கணக்கு எழுதுவது. ஆண்டர்சன் தெருவில் ஒரு காகித மொத்தக் கடையில் இருபத்தாறு வருடமாக ரீம் கணக்கு பார்க்கிறேன். ஒரு கட்டில் பத்துத் தாள் குறைந்தால் இரவு தூக்கம் வராது.

செவலை தெரு நாய் போட்ட குட்டி. 2014இல் மழைக்கு எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கியவளை என் மகள் மேலே தூக்கி வந்துவிட்டாள். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். எட்டு வயதுவரை ஒரு நாள் படுத்ததில்லை. நாட்டு நாய், கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று நானே பலரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

அந்த மே மாதம் அவளுடைய தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகிக் கிடந்தது. வெயில்தானே என்று நிரப்பினோம். மறுபடி காலி. மகள் ஐஸ் கட்டி போட்டுக் கொடுத்தாள், அதை வேடிக்கை பார்த்துச் சிரித்தோம். பிறகு இரண்டு இரவு தொடர்ந்து கூடத்தில் சிறுநீர் கழித்துவிட்டாள். குட்டியாக வந்த முதல் மாதத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்குள் அப்படிச் செய்ததே இல்லை. நான் நாளிதழைச் சுருட்டித் தரையில் ஓங்கித் தட்டித் திட்டினேன். தையல் மிஷினுக்கு அடியில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். இதை எழுதுகிறபோதும் அந்த முதுகு கண்ணில் நிற்கிறது.

நான்காம் நாள் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பினாள். ஐந்தாம் நாள் வாந்தி. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். வாந்திக்கு ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாளும் அதே. பெயர் வேண்டாம், அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. நான் அவரிடம் சொன்னது "சாப்பிட மாட்டேன் என்கிறாள், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல" என்பதுதான். நோயின் பெயரை நானே சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர் கண்டுபிடிக்கவில்லை என்று எப்படிக் கோபப்படுவது?

ஏழாம் நாள் காலை அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. வேப்பேரிக்குக் கிளம்பினோம்.

சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி ஆஸ்பத்திரி என்றால் தெரியும். 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இப்போது இருக்கும் வளாகம் அது. பண்ணை வீட்டிலிருந்து காரில் வந்த உயர்ஜாதி நாயும், குப்பைத்தொட்டி ஓரத்தில் பிறந்த பூனையும், ஆடும் மாடும் கிளியும் ஒரே இடத்தில் காத்திருக்கும். மனிதர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் இப்படி ஒரு சமத்துவத்தை நான் பார்த்ததில்லை. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். ஆனால் மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு, வலிப்பு, எழ முடியாத நிலை என்றால் வரிசையில் நின்று மரியாதை காட்ட வேண்டாம். முன்னால் போய் உரக்கச் சொல்லுங்கள், பார்ப்பார்கள்.

டாக்டர் சிறிய பெண், என் மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். செவலையின் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நல்ல நாய்க்கு ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும், அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் வெளுத்த இடம் மீண்டும் சிவக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். செவலையின் ஈறு மங்கிப் போயிருந்தது. பிறகு கேள்விகள்.

"கருத்தடை செய்திருக்கிறீர்களா?"

"இல்லை, டாக்டர்."

"கடைசியாக எப்போது ஹீட் வந்தது?"

ஹீட் என்றால் பெட்டை நாய் இணை தேடும் பருவம். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பங்குனி உத்திரத்தை ஒட்டி என்று அவள் இழுத்தாள்.

"தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள்?"

"நிறைய."

"நிறைய என்றால் எவ்வளவு சார்? அரை லிட்டரா, இரண்டு லிட்டரா?"

சிறுநீர் எத்தனை முறை, மலம் கடைசியாக எப்போது, வாந்தி என்ன நிறம். இவை எல்லாவற்றுக்கும் "சரியாகத் தெரியவில்லை" என்றேன். அவர் எரிந்து விழவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டே வந்தவர், வெற்றாக விட்ட இடங்களை என்னால் பார்க்க முடிந்தது. கணக்குப் பிள்ளைக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. கர்ப்பப்பை முழுவதும் சீழ். பயோமெட்ரா என்று பெயர். ஹீட் முடிந்த சில வாரங்களில், கருத்தடை செய்யாத, வயது ஏறிய பெட்டை நாய்களுக்கு வருவது. டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். பெட்டை நாய் சினைப்பட்டாலும் படாவிட்டாலும், ஹீட் முடிந்த பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் அதன் உடம்பில் சினைக்கால ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். கர்ப்பப்பைச் சுவர் தடித்து, உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். கருப்பை வாய் திறந்திருந்த சமயத்தில் உள்ளே நுழைந்த கிருமி அதில் பெருகும். ஒவ்வொரு ஹீட்டுக்கும் இது கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகிக்கொண்டே வரும். சீழ் வெளியே வடிந்தால் நாம் கண்டுபிடித்துவிடலாம். செவலைக்குக் கருப்பை வாய் மூடிக்கொண்டதால் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. அதுதான் கூடுதல் ஆபத்து, உள்ளேயே வெடித்துவிடக்கூடும்.

அந்தத் தாகம்? கிருமியின் நச்சு சிறுநீரகத்தைத் தாக்குகிறது. சிறுநீரைக் கெட்டியாக்கும் சக்தி போய்விடுகிறது. தண்ணீர் தண்ணீராக வெளியேறுகிறது, ஈடுகட்ட அவள் குடிக்கிறாள். நாங்கள் ஐஸ் போட்டு ரசித்ததும், நான் நாளிதழால் மிரட்டியதும் ஒரே நோயின் இரண்டு முனைகள்.

நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது மில்லி தண்ணீர் சாதாரணம். நூறு மில்லியைத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. செவலை அப்போது 18 கிலோ. ஒரு லிட்டர் அவளுக்குப் போதும். இரண்டு லிட்டரைத் தொட்டபோதே நான் விழித்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் கூடும் என்பது உண்மைதான், ஆனால் இரட்டிப்பானால் வெயில்தானே என்று விட்டுவிடக் கூடாது.

கருத்தடை ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். மகள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். "ஒரு முறையாவது குட்டி போடட்டும், அதுவும் ஒரு தாய்தானே" என்று நான் தள்ளிப்போட்டேன். அப்புறம் குட்டி போடவும் விடவில்லை, ஆபரேஷனும் செய்யவில்லை. ஒரு முறை ஈன்றால் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் ஏதும் இல்லை. சுவீடனில் காப்பீட்டுக் கணக்குகளை வைத்துப் பார்த்ததில், கருத்தடை செய்யாத பெட்டை நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வந்திருக்கிறது. நான்கில் ஒன்று! இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் நான் தத்துவம் பேசியிருக்க மாட்டேன்.

அன்று பிற்பகலே ஆபரேஷன். அதற்கு முன்பு ட்ரிப்ஸ் ஏற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்து, உடம்பைக் கொஞ்சம் தாங்கும்படி செய்தார்கள். மயக்க மருந்தில் போய்விடவும் வாய்ப்பு உண்டு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். மனைவி கையெழுத்துப் போட்டாள். என் கை நடுங்கியது.

வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரம் நான் படித்த பள்ளிக்கூடம்.

என் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவன், அட்டைப்பெட்டியில் பூனையோடு. காய்ச்சலடிக்கிறது என்று அரை பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்திருக்கிறான். பூனையின் ஈறு பழுப்பேறி, முகம் வீங்கியிருந்தது. பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது, ரத்தத்தின் சிவப்பணுவையே அது கெடுத்துவிடும். அவன் அழுதுகொண்டே சொன்னான், "அம்மா எனக்குக் கொடுப்பார்கள் அண்ணா, அதனால்தான் கொடுத்தேன்." நாய்க்கும் இதே எச்சரிக்கை: நம் வீட்டு இபுப்ரோபன் அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். வலிக்கிறதே என்று நம் டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள். திறந்துவிட்டீர்களா, வெட்கப்படாமல் டாக்டரிடம் மாத்திரை அட்டையையே காட்டுங்கள்.

இன்னொரு குடும்பம், இரண்டு மாத லாப்ரடார் குட்டியோடு. ரத்தமும் சளியுமாகக் கழிச்சல், பார்வோ என்கிற வைரஸ் நோய். தடுப்பூசி போடுவதற்கு முன்பே தெருவில் உலாத்தக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண சோப்புக்கு அசையாது, பிளீச்சிங் திரவம் வேண்டும். ஆகவே தடுப்பூசி முடியாத குட்டியை மருத்துவமனைக்குக் கொண்டு போனால் தரையில் விடாதீர்கள். மடியிலேயே வைத்திருங்கள்.

ஓர் ஆட்டோக்காரர் பைக்கில் அடிபட்ட தெரு நாயைப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார். அவருடைய நாய்கூட இல்லை. வாயைத் துண்டால் சுற்றி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தார். வலியில் இருக்கும் நாய் சோறு போட்டவரையும் கடிக்கும், அதில் அதன் குற்றம் ஒன்றும் இல்லை. வாந்தி எடுக்கிற, மூச்சுத் திணறுகிற நாய்க்கு மட்டும் வாயைக் கட்டக் கூடாது. இதையெல்லாம் அந்த மனிதர் யாரிடமும் படிக்கவில்லை. "நாலைந்து கொண்டு வந்திருக்கிறேன் சார், பழகிவிட்டது" என்றார்.

எதிரே ஒரு முதியவர். அவருடைய நாய்க்குக் காலெலும்பில் புற்று. ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று முடிவெடுக்க அவகாசம் கேட்டு வெளியே வந்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நாய்க்கு ஒரு பட்டர் பிஸ்கட்டை உடைத்து உடைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். பிஸ்கட் தீர்ந்ததும் எழுந்து உள்ளே போனார்.

நம் ஊரில் "வாயில்லா ஜீவன்" என்று ஒரு சொல் உண்டு. எனக்கு இப்போது அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. இதே வேப்பேரியில் 2019இல் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள், ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நடந்த ஆபரேஷன். அந்தப் பசு பாலைக் குறைத்துக்கொண்டது, காலால் தன் வயிற்றை உதைத்துக் காட்டியது. வேறு எப்படிச் சொல்லும்? அதன் உரிமையாளர் அதைப் புரிந்துகொண்டு கூட்டி வந்தார், பிழைத்தது. எங்கள் செவலை கிண்ணத்தைக் காலி செய்து சொன்னாள். கூடத்தை நனைத்துச் சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து, எடுத்த கர்ப்பப்பையைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். சாதாரணமாகப் பென்சில் கனத்தில் இருக்க வேண்டியதாம். என் முன்கை பருமனுக்கு, கண்ணிகண்ணியாக, ஒரு கிலோவுக்கு மேல் இருந்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்தேன், பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

பிறகு பத்து நாள், செவலை கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு கதவு நிலைகளில் இடித்துக்கொண்டு திரிந்தாள். தையல் பிரித்த அன்று கூம்பைக் கழற்றியதும் முதலில் ஓடியது தெருமுனைக் கறிக்கடைக்கு.

முதல் முறை போகிறவர்களுக்கு என்ன சொல்வேன் என்று கேட்டீர்களே. தடுப்பூசி அட்டை, கொடுத்த மருந்துகளின் அட்டை, ஒரு பழைய போர்வை, துண்டு. இருமலோ வலிப்போ நொண்டலோ இருந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் டாக்டருடைய மேசைமேல் ஏறியதும் பயத்தில் எல்லா நாயும் நல்ல நாயாக நின்றுவிடும். மலத்தில் ரத்தமோ புழுவோ கண்டால் கொஞ்சம் டப்பாவில் எடுத்துப் போங்கள், அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அப்புறம் ஒரு நோட்டு.

எங்கள் வீட்டு நோட்டு, கடையில் மிச்சமான தாளை நானே தைத்தது. ஒரு லிட்டர் அளவுக் குவளையில்தான் இப்போது செவலைக்குத் தண்ணீர். காலையில் ஊற்றியது, இரவில் மீந்தது, கழித்து எழுதுகிறேன். மாதம் ஒரு முறை எடை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு நான் மட்டும் நின்று, கழித்து எழுதுவது. மகள் இதைப் பார்த்துச் சிரிப்பாள், "அப்பா, செவலைக்கு ஜி.எஸ்.டி. உண்டா?"

அவளுக்கு இப்போது பதினோரு வயது. முகவாய் வெளுத்துவிட்டது. சென்ற வாரம் வரை நாளுக்கு 900, 950 மில்லி என்று ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் கணக்கு, திங்கட்கிழமை 1,250, செவ்வாய் 1,400, நேற்று 1,500. வெயிலும் இல்லை, ஐப்பசி மழை கொட்டுகிறது. சாப்பாடு குறையவில்லை. எடை மட்டும் போன மாதத்தைவிட அரைக் கிலோ குறைந்திருக்கிறது. வயதான நாய், சிறுநீரகமாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

கடையில் விடுப்புச் சொல்லியாயிற்று. காலை ஏழு மணிக்கு ஆட்டோ வரும். போர்வை, துண்டு, அட்டை எல்லாம் பையில் இருக்கின்றன. நோட்டை மட்டும் இன்னும் வைக்கவில்லை, இன்றிரவுக் கணக்கு பாக்கி இருக்கிறது.