கேள்வி–பதில்: வீட்டுப் பட்டறையில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார்

மாடி ஷெட்டில் நான் செய்த கிட்டாரின் படம் போன இதழில் வந்ததிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதிப் பேர் விலை கேட்டிருக்கிறார்கள், அது விற்பதற்கில்லை. தாங்களே செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

தச்சு வேலை ஓரளவு வரும், கிட்டார் வாசிக்கத் தெரியாது. நான் செய்யலாமா? எதிலிருந்து தொடங்குவது?
– கோவை வாசகர்

தாராளமாகச் செய்யலாம். ஃபெண்டர் கிட்டார் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது, அவர் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 1950களின் தொடக்கத்தில் டெலிகாஸ்டர் கிட்டாரும் 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரும் அவர் கம்பெனியிலிருந்து வந்தன. அவர் கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் பாடியோடு நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம் என்பது ரிப்பேர்காரருக்கே வரும் யோசனை, இன்றைக்கு நம்மைப் போன்றவர்களுக்குப் பிழைப்பே அதில்தான்.

முதலில் எல்லோரும் பாடிக்கு என்ன வடிவம் என்று நோட்டுப் புத்தகத்தில் வரைந்து தள்ளுகிறார்கள். நானும் வரைந்தேன். ஆனால் பாடி என்பது சுமார் 45 மி.மீ. கனமுள்ள பலகை, அதில் சில குழிகள், அவ்வளவுதான். அதில் 2 மி.மீ. பிசகினால் யாருக்கும் தெரியாது. கழுத்தில் அரை மி.மீ. பிசகினால் வாசிக்கிறவர் கையிலிருந்து இறக்கி வைத்துவிடுவார். அதனால் முதல் கிட்டாருக்கு ரெடிமேட் கழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதை உட்கார வைக்கும் குழியைத் தாள் கூடச் சொருக முடியாத இறுக்கத்தில் வெட்டப் பழகுங்கள். இரண்டாவது கிட்டாருக்குக் கழுத்தும் நீங்களே செய்யலாம்.

எங்கள் ஊரில் வீணைக்குப் பலா மரம். எலக்ட்ரிக் கிட்டாருக்கு அது ஆகுமா? தேக்கு நல்லதா?
– தஞ்சாவூர் வாசகர்

பாடிக்குப் பலா ஆகும். வெட்டவும் இழைக்கவும் இணக்கமான மரம், பாலிஷ் ஏறியதும் அந்த மஞ்சள் நிறத்துக்காகவே செய்யலாம். தேக்கும் ஆகும், ஆனால் எண்ணெய்ப் பசை உள்ள மரம், ஒட்டுவதற்கு முன்னால் தின்னரில் நனைத்த துணியால் ஒட்டும் முகத்தைத் துடைத்துவிடுங்கள். உளி சீக்கிரம் மழுங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்துக்கு ரேகை நேராக ஓடுகிற துண்டுதான் வேண்டும், முடிச்சு விழுந்த பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கழுத்தின் மேல் ஒட்டும் விரல் பலகைக்கு ஈட்டி மரம் ஆசையாக இருக்கும். அது சட்டத்தின் கண்காணிப்பில் உள்ள மரம், ரசீது இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் பீரோக் கால், அலமாரிச் சட்டம் இதெல்லாம் எத்தனையோ மேல்.

எந்த மரம் என்பதைவிட எவ்வளவு காய்ந்த மரம் என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு மரவாடியில் "நல்லா காஞ்சது சார்" என்று சத்தியம் செய்து கொடுத்த கட்டையில் என் முதல் கழுத்தைச் செய்தேன். மாசியில் செய்தது, வைகாசியில் பார்த்தால் வில்லாக வளைந்திருந்தது. கழுத்தை நிமிர்த்துவதற்காக உள்ளே போட்டிருந்த ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டை எவ்வளவு முடுக்கியும் நிமிரவில்லை. இப்போது நான் செய்வது இதுதான்: கட்டையைத் தேவைக்குக் கொஞ்சம் பெரிதாக அறுத்து, சமையலறைத் தராசில் எடை போட்டு, தேதியோடு அதன் மேலேயே பென்சிலால் எழுதி, பரண் மேல் வைத்துவிடுவேன். வாரம் ஒரு முறை எடை. குறைந்துகொண்டே வரும் எடை ஒரு கட்டத்தில் நின்றுவிடும், அதற்கப்புறம்தான் இழைப்புளி. சில கட்டைகளுக்கு இது மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டில் திட்டு விழும், தராசு அவர்களுடையது.

ஃப்ரெட் எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது? கணக்கில் நான் சுமார்.
– மதுரை வாசகர்

ஃப்ரெட் என்றால் வீணையின் மெட்டு மாதிரி, விரல் பலகையின் குறுக்கே பதிக்கும் உலோகத் துண்டு. அதற்கு ஒரே ஒரு எண் போதும், 17.817. நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு) பிரிட்ஜ் (பாடியில் கம்பியைத் தாங்கும் பாகம்) வரை கம்பியின் நீளம் ஃபெண்டர் அளவில் 648 மி.மீ. அதை 17.817-ஆல் வகுத்தால் 36.37 வரும். நட்டிலிருந்து அந்தத் தூரத்தில் முதல் ஃப்ரெட். மீதி 611.63, அதைத் திரும்பவும் 17.817-ஆல் வகுத்தால் 34.33, அது முதல் ஃப்ரெட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 324-ல் வந்து நிற்கும். நிற்கவில்லை என்றால் கணக்கில் தப்பு.

இங்கேதான் நான் ஒரு பலகையை வீணாக்கினேன். கணக்கு சரி, ஆனால் வெட்டும்போது ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அதற்கு முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்து குறித்தேன். ஒவ்வொன்றிலும் முடியளவு பிசகு. பன்னிரண்டாவதுக்கு வந்தபோது எல்லாம் சேர்ந்து 2 மி.மீ. தள்ளிப் போயிருந்தது. மேலே போகப் போக எந்த ஸ்வரமும் எதோடும் சேரவில்லை. அதனால் எல்லாத் தூரங்களையும் கூட்டி எழுதிக்கொண்டு (36.37, 70.70 என்று), ஸ்டீல் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை நட்டில் வைத்து, அதை நகர்த்தாமலே அத்தனையையும் குறியுங்கள். பென்சில் வேண்டாம், பென்சில் கோட்டின் கனமே பாதிப் பிசகு. கூர்மையான கத்தி நுனியால் கீறுங்கள்.

வீணையில் இந்தத் தொல்லை வேறு மாதிரி. அங்கே 24 மெட்டுகளும் மெழுகில் உட்காருகின்றன, செய்கிறவர் காதால் கேட்டு நகர்த்தி நகர்த்தி வைப்பார். கிட்டாரில் ரம்பம் போன இடம் போன இடம்தான்.

மரத்தைப் பொறுத்து ஒலி மாறுமா?
– ஈரோடு வாசகர்

எலக்ட்ரிக் கிட்டாரில் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. கம்பிக்கு அடியில் அதன் அதிர்வைப் பிடிக்கும் காந்தமும் காயிலும்தான் பிக்கப், அதை 1 மி.மீ. உயர்த்திப் பாருங்கள், அது மாற்றும்.

பிக்கப்பை நானே சுற்ற ஆசை. எங்கள் தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது, கம்பி அங்கேயே வாங்கலாமா?
– சென்னை வாசகர்

கேட்டுப் பாருங்கள், ஆனால் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பிக்கப் செய்முறைகளில் எல்லாம் "42 கேஜ்" என்று இருக்கும், அது அமெரிக்க அளவு, சுமார் 0.063 மி.மீ. நம் ஊர் காயில் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் அளவு. அதில் 42 என்றால் 0.1 மி.மீ., நமக்கு அது கயிறு மாதிரி. அந்தக் கணக்கில் நீங்கள் கேட்க வேண்டியது 46. மோட்டார்களுக்கு அவ்வளவு மெல்லிய கம்பி தேவைப்படாது என்பதால் பெரும்பாலும் அவரிடம் இருக்காது. ஆனால் கம்பி அறுந்தால் எப்படி இணைப்பது, எனாமலை எப்படிச் சுரண்டுவது என்று அவரைப் போலச் சொல்லித்தர ஆள் கிடையாது, ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியான ஒற்றைக் காயில் பிக்கப்புக்குச் சுமார் 8,000 சுற்று. நீளமாகப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். பழைய தையல் மெஷினின் பாபின் சுற்றும் பகுதியில் பிக்கப்பின் பாபினை மாட்டி, கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் தலைமுடியைப் பிடிப்பதுபோல் விட்டுக்கொண்டே போக வேண்டும். இறுக்கினால் அறும், தளர்ந்தால் பிறகு ஆம்ப்ளிஃபையரில் கீச்சென்று கத்தும். நான் நாலு அறுத்தேன். முடிந்ததும் மல்டிமீட்டரில் 6 கிலோ ஓம் பக்கம் காட்டினால் பிழைத்தீர்கள், ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே எங்கேயோ அறுந்திருக்கிறது.

சத்தம் வருகிறது, ஆனால் கூடவே "உம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைகிறது. பேயா?
– சேலம் வாசகர்

வீட்டு கரண்ட்தான், 50 ஹெர்ட்ஸ். உங்கள் உடம்பு ஆண்டெனா மாதிரி அதைப் பிடித்துக் கிட்டாருக்குக் கொடுக்கிறது, கம்பியைத் தொட்டதும் அது எர்த்துக்குப் போய்விடுகிறது. தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரைச் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். இனி குழிகளின் உள்பக்கம் முழுக்கச் செப்புத் தகடு டேப் ஒட்டி, துண்டுக்குத் துண்டு ஈயம் வைத்து, அதையும் எர்த்தோடு சேருங்கள். ஒற்றைக் காயிலில் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். அந்த மிச்சத்தை ஒழிக்கத்தான் 1950களில் கிப்ஸன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் செய்தார்.

என் பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு நாள் முழுக்க மொட்டை மாடியில் கிட்டார் செய்கிறேன் என்று மரத்தை அறுத்துக்கொண்டிருக்கிறான். ஷாக் அடிக்குமோ என்று பயமாக இருக்கிறது. இதனால் பிரயோஜனம் உண்டா?
– திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா

அம்மா, கிட்டாருக்குள் கரண்டே கிடையாது. காந்தத்துக்கு மேல் இரும்புக் கம்பி அதிர்வதால் காயிலில் பிறப்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு, எறும்பு கடித்த மாதிரிகூட இராது. ஆபத்து ஆம்ப்ளிஃபையரில் இருக்கிறது. மூணு பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு ரெண்டு பின் பிளக் பாயின்டில் சொருகுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அப்படி எர்த் இல்லாமல் ஆம்ப்ளிஃபையரில் ஏதாவது கோளாறு வந்தால், அவன் கை வைத்திருக்கும் கம்பிக்கே முழு கரண்டும் வரும். அந்த பிளக்கை இன்றைக்கே பாருங்கள். மரத்தில் குழி வெட்டும் ரௌட்டர் மெஷினை ஓட்டும்போது கண்ணாடி போடச் சொல்லுங்கள், ஒரே தடவையில் ஆழமாக வெட்டாமல் மூன்று மூன்று மில்லிமீட்டராக இறங்கச் சொல்லுங்கள். மரத்தூளுக்கு மூக்கில் மாஸ்க்.

பிரயோஜனம் என்றால், 1963-ல் லண்டன் பக்கம் பிரையன் மே என்ற பள்ளிக்கூடப் பையன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்ய ஆரம்பித்தான். அப்பா எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மேல்சட்டம், அதில் பூச்சி அரித்த ஓட்டைகளை அடைக்கத் தீக்குச்சி. பழைய மோட்டார் பைக்கின் வால்வு ஸ்பிரிங், அம்மாவின் பொத்தான் டப்பாவிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்கள். சுமார் இரண்டு வருஷம் ஆனது. பிறகு குயீன் என்ற ராக் இசைக்குழுவில் அவர் காலமெல்லாம் வாசித்தது அந்தக் கிட்டார்தான். வானியற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார், அதுவும் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பொத்தான் டப்பாவை மட்டும் ஒளித்து வையுங்கள்.

பிரெஞ்ச் பாலிஷ் போட்டேன். மேலே வெள்ளையாகப் புகை மாதிரி படர்ந்துவிட்டது. வீணா?
– நாகர்கோவில் வாசகர்

மழை நாளில் போட்டிருப்பீர்கள். பிரெஞ்ச் பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, அந்த ஸ்பிரிட் ஆவியாகும்போது காற்றின் ஈரம் அரக்குக்குள் மாட்டிக்கொள்கிறது. வீணில்லை. வெயில் அடிக்கும் நாளில் துணிப் பொட்டலத்தில் வெறும் ஸ்பிரிட்டைக் கொஞ்சமாக நனைத்து, ஒரே இடத்தில் நிற்காமல் லேசாகத் தடவிக்கொண்டே போங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியவில்லையா, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுத் தை பிறந்ததும் மறுபடி போடுங்கள். அதுவரைக்கும் கம்பியை மாட்டி வாசித்துக்கொண்டிருக்கலாம்.